புல்வெளித் தீ: ஹாட்ஸ்பாட் எண்ணிக்கை ஏறுகிறது, எரிந்த பரப்பு இறங்குகிறது. எதை நம்புவது?

காய்ந்தபுல்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு புல்வெளிப் பகுதியில் பருவம்தோறும் வரும் தீயைச் செயற்கைக்கோள் படங்கள் வழியாகப் பின்தொடர்ந்து கொண்டிருக்கிறேன். மரங்கள் குறைவு. இடுப்பளவு புல், நடுநடுவே ஈரமான தாழ்நிலங்கள், வருடம் முழுக்க மேய்ச்சல். நவம்பரில் புல் காயத் தொடங்கும். ஏப்ரல் வரை தீக்காலம்.

இரண்டு வழியில் கணக்கெடுத்தேன். ஒன்று, நாசாவின் ஃபர்ம்ஸ் தீத்தரவுத் தளத்திலிருந்து 2013 முதல் உள்ள, வியர்ஸ் கருவி பதிந்த ஹாட்ஸ்பாட்களை (தீ எனக் காட்டும் வெப்பப் புள்ளிகள்) இறக்கிப் பருவவாரியாக எண்ணினேன். எந்தச் செயற்கைக்கோளிலிருந்து வந்தது என்று பார்க்காமல், கிடைத்த எல்லாவற்றையும் சேர்த்து. இன்னொன்று, சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைக் கோப்பாகவே இறக்கி, மாதத்துக்கு ஒரு மேகமில்லாத படத்தை எடுத்து, முந்தைய மாதப் படத்தோடு ஜோடி சேர்த்து என்.பி.ஆர். என்ற எரிதல் குறியீட்டின் வித்தியாசம் பார்த்தேன். பேண்ட் (அலைநீளப் பட்டை) 8ஏ, பேண்ட் 12: இரண்டின் கழித்தலை இரண்டின் கூட்டலால் வகுப்பது. வித்தியாசம் 0.1-ஐத் தாண்டினால் எரிந்த நிலம் என்று வைத்துக்கொண்டேன். எல்லோரும் எடுத்தாளும், தீயின் தீவிரத்தைத் தரம் பிரிக்கும் அட்டவணையில் அதுதான் கீழ்வரம்பு.

இரண்டு முடிவும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. ஹாட்ஸ்பாட் எண்ணிக்கை 2018 வாக்கில் ஒரு படி ஏறி, 2024-இல் இன்னொரு படி ஏறுகிறது. எரிந்த பரப்போ 2022-இலிருந்து சரிந்து, கடைசிப் பருவங்களில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்கிறது. நவம்பர்–டிசம்பர் ஜோடியில் மட்டும் தாழ்நிலங்கள் முழுக்க எரிந்ததாகச் சிவப்பில் வருகிறது. அங்கே ஒரு ஹாட்ஸ்பாட் கூட இல்லை. மறுபக்கம், பிப்ரவரி படத்தில் வெறும் கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும் சில திட்டுகளில் ஹாட்ஸ்பாட் எதுவும் விழவில்லை.

ஹாட்ஸ்பாட் வரைபடத்தைப் போட்டு "தீ ஆண்டுக்கு ஆண்டு அதிகரிக்கிறது" என்று எழுதி அறிக்கையை முடித்துவிடலாம் என்று குழுவில் ஒரு பேச்சு. அந்த அறிக்கை மேய்ச்சல் அனுமதியைத் தீர்மானிப்பவர்கள் கைக்குப் போகும். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

---

அகச்சிவப்பு:

முதலில் ஒரு வேண்டுகோள். அந்த வரியை இப்போதைக்கு எழுதவே வேண்டாம். எழுதிய பிறகு அதைத் திரும்ப வாங்குவது கடினம். அதற்குள் மாடு மேய்ப்பவர்கள் மேல் பழி விழுந்துவிடும். நீங்கள் சொல்லும் ஏற்றம், சரிவு இரண்டுமே தரவு வந்த விதத்தால் உண்டானவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹாட்ஸ்பாட் ஏறுவது ஏன்? வியர்ஸ் கருவி இப்போது மூன்று செயற்கைக்கோள்களில் பறக்கிறது. சுவோமி என்பிபி 2011 அக்டோபரில் ஏவப்பட்டது, நோவா-20 2017 நவம்பரில், நோவா-21 2022 நவம்பரில். அடுத்தடுத்த இரண்டின் தரவும் ஏவி முடித்துச் சரிபார்த்த பிறகுதான் ஃபர்ம்ஸில் சேர்ந்தது. உங்கள் வரைபடத்தில் உள்ள இரண்டு படிகளும் அதே இடத்தில்தானே நிற்கின்றன? பார்க்கும் கண் ஒன்றிலிருந்து இரண்டாகி, மூன்றாகியிருக்கிறது. ஒரே தீயை ஒரே பிற்பகலில் மூன்று பேர் பார்த்து மூன்று பேரும் புள்ளி வைக்கிறார்கள். கோப்பில் செயற்கைக்கோளின் பெயர் ஒரு நெடுவரிசையில் இருக்கும். சுவோமி என்பிபியை மட்டும் வடிகட்டி மறுபடி எண்ணுங்கள். அந்தப் படிகள் அப்போதும் நின்றால் நான் சொன்னது தவறு.

மோடிஸ் என்ற பழைய கருவிக்கு மாறலாமா என்று யோசிப்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சுமக்கும் டெர்ரா, ஆக்வா செயற்கைக்கோள்கள் இரண்டுமே எரிபொருள் தீரும் நிலையில் பாதை விலகிவிட்டன. டெர்ரா முன்பு காலை 10.30-க்கு வந்தது, இப்போது அதற்கும் முன்பே வந்து போகிறது. பிற்பகல் 1.30-க்கு வந்த ஆக்வா இப்போது தாமதமாக வருகிறது. புல்தீ நேரத்தோடு பின்னிப் பிணைந்த விஷயம். கடக்கும் நேரம் மாறினால் எண்ணிக்கையும் மாறும். 2003 முதல் 2020 வரையிலான பழைய தொடருக்கு மோடிஸ் நல்லது. அண்மை ஆண்டுகளை அதோடு அப்படியே ஒட்டாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: ஹாட்ஸ்பாட் என்பது பரப்பளவு கிடையாது. சாதாரண நிலம் 10 மைக்ரோமீட்டர் பக்கத்தில் அதிகம் கதிர்வீசும். தீ 4 மைக்ரோமீட்டர் அருகே பளிச்சென்று தெரியும். அதனால்தான் பிக்சலில் மிகச் சிறிய பங்கே எரிந்தாலும் கருவி கண்டுபிடித்துவிடுகிறது. வியர்ஸின் 375 மீட்டர் பிக்சல் ஒன்று ஏறக்குறைய 14 ஹெக்டேர். அந்த 14 ஹெக்டேருக்குள் எங்கோ, செயற்கைக்கோள் தலைக்கு மேல் வந்த நொடியில் தீ இருந்தது என்பது மட்டுமே அந்தப் புள்ளியின் சாட்சி. எவ்வளவு எரிந்தது என்று அது சொல்லாது. அதே சதுரத்துக்குள் சென்டினல்-2-இன் 20 மீட்டர் பிக்சல்கள் 350 அடங்கும். அவற்றில் எத்தனை கறுத்தன என்பதைத்தான் பரப்பளவு என்று சொல்ல முடியும்.

கறுப்பாகத் தெரிந்தும் புள்ளி விழாத திட்டுகளுக்கும் இதே காரணம்தான். வியர்ஸ் ஏறக்குறைய பிற்பகல் 1.30-க்கும் இரவு 1.30-க்கும் கடக்கிறது. மாலை நாலு மணிக்கு வைத்த தீ, இருட்டி ஈரம் ஏறியதும் தானே அணைந்துவிட்டால் இரண்டு பார்வைக்கும் நடுவில் முடிந்துபோகும். புல்லை அறிந்தவர்கள் பல நாடுகளில் வேண்டுமென்றே அந்த நேரத்தில்தான் தீ வைக்கிறார்கள். காட்டுத் தீ நாள்கணக்கில் நின்று எரிவதால் எப்படியும் ஒரு பார்வையில் சிக்கிவிடும். புல்தீக்கு அந்த அவகாசமே இல்லை.

அடுத்தது சென்டினல் சரிவு. இதுதான் உங்களுக்குப் பெரிய செய்தி. 2022 ஜனவரி 25 முதல், செயலாக்கப் பதிப்பு 04.00 வந்தபோது, சென்டினல்-2 கோப்புகளில் எல்லா எண்களோடும் 1000 கூட்டி எழுதத் தொடங்கினார்கள். இருண்ட பிக்சல்களில் மைனஸ் மதிப்பு வந்தால் அதையும் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக. எதிரொளிப்பு (நிலம் திருப்பி அனுப்பும் ஒளியின் பங்கு) கணக்கிடும் முன் அந்த 1000-ஐக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் என்ன ஆகும்? மாதிரி எண்களில் பாருங்கள்.

காய்ந்த புல்: 8ஏ-இல் 2000, 12-இல் 2500. என்.பி.ஆர். = −500 / 4500 = −0.11.
அதே இடம் எரிந்த பின்: 1000, 1800. என்.பி.ஆர். = −800 / 2800 = −0.29.
வித்தியாசம் 0.17. உங்கள் 0.1 வரம்பைத் தாண்டுகிறது. எரிந்தது என்று வரும்.

இப்போது 1000 கூடுதலாக உள்ள கோப்பு, கழிக்காமல்:
காய்ந்த புல்: 3000, 3500. −500 / 6500 = −0.08.
எரிந்த பின்: 2000, 2800. −800 / 4800 = −0.17.
வித்தியாசம் 0.09. எரியவில்லை என்று வரும்.

நிலத்தில் ஒன்றும் மாறவில்லை. மேலே உள்ள கழித்தலில் அந்த 1000 அடிபட்டுப் போகிறது, கீழே உள்ள கூட்டலில் இரண்டு மடங்காக நின்று எல்லாவற்றையும் சுருக்கிவிடுகிறது. உங்கள் 2021–22 பருவம் இந்தத் தேதியைக் கடந்து போவதால், அதில் சில ஜோடிகளில் ஒரு படம் பழைய முறை, ஒன்று புதிய முறை. அந்தப் பருவத்தைத் தனியாகப் பாருங்கள். படம் எடுத்த தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய படங்களையும் புதிய பதிப்பில் மறுபடி செயலாக்கி வெளியிட்டு வருகிறார்கள், அவற்றிலும் இந்த 1000 உண்டு. கோப்போடு வரும் மெட்டாடேட்டாவில் பதிப்பு எண்ணும் கழிக்க வேண்டிய எண்ணும் இருக்கும். அதை நிரலே படித்துக் கழிக்கும்படி எழுதுங்கள். கூகுள் எர்த் எஞ்சினில் செய்வதானால் 'ஹார்மோனைஸ்டு' என்று பெயரில் உள்ள தொகுப்பை எடுத்தால் போதும், இந்தத் தலைவலி இல்லை.

கடைசியாக, அந்த நவம்பர்–டிசம்பர் சிவப்பு. அங்கே தீயே இல்லை, புல் காய்ந்திருக்கிறது. தாழ்நிலத்தில் ஈரம் நிற்பதால் மேட்டுப்புல் காய்ந்த பிறகும் அங்கே பச்சை நீடிக்கும். பிறகு ஒரே மாதத்தில் காயும். பச்சைப் புல் 2800, 1800 என்றால் என்.பி.ஆர். 0.22. காய்ந்ததும் −0.11. தீக்குச்சி உரசாமலேயே வித்தியாசம் 0.33. நீங்கள் பயன்படுத்தும் அட்டவணை வட அமெரிக்கக் காடுகளில் தீயின் தீவிரத்தை அளக்கப் பிறந்தது. அங்கே மரம் ஒரு மாதத்தில் இப்படி நிறம் மாறாது. புல்வெளியில் அந்த எண்களை அப்படியே கொண்டுவந்து பயன்படுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். எத்தனையோ நல்ல உழைப்பு அதில் வீணாகிறது.

இதற்கு மிர்பி என்று ஒரு குறியீடு இருக்கிறது. சவானாப் புல்வெளிகளுக்காகவே 2001-இல் முன்வைத்தது. இரண்டு குறு அகச்சிவப்பு பேண்டுகள் மட்டும் போதும்: 10 × பேண்ட் 12 − 9.8 × பேண்ட் 11 + 2. எண்கள் 0 முதல் 1 வரையிலான எதிரொளிப்பாக இருக்க வேண்டும், 10000-ஆல் வகுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அந்த +2-க்கு அர்த்தமே இருக்காது. பச்சைப் புல்லுக்குப் பேண்ட் 11-இல் 0.28, பேண்ட் 12-இல் 0.18 என்று வைத்தால் 1.06 வரும். காய்ந்த புல்லுக்கு 0.35, 0.25 என்றால் 1.07. எரிந்த நிலத்துக்கு 0.20, 0.18 என்றால் 1.84. புல் காய்வது ஏறக்குறைய தெரியவே இல்லை, எரிவது துள்ளிக்கொண்டு தெரிகிறது. உண்மை நிலத்தில் இவ்வளவு சுத்தமாக வராதுதான். ஆனாலும் என்.பி.ஆர். மட்டும் வைத்துக்கொண்டு போராடுவதை விட எவ்வளவோ மேல்.

---

தீக்கோடு:

நான் படம் பார்ப்பவன் அல்ல. கட்டுப்படுத்திய எரிப்பு நடக்கும் புல்வெளிகளில் தரையில் வேலை பார்ப்பவன். அகச்சிவப்பு சொன்னதோடு சில விஷயங்கள் சேர்க்கிறேன்.

புல் எரிந்த நிலம் கறுப்பாக இருக்கும் என்று படம் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கிட்டே போய்க் குனிந்து பாருங்கள். அடர்ந்த புல் முழுசாக எரிந்த இடத்தில் வெள்ளைச் சாம்பல்தான் கிடக்கும். கறுப்பு என்பது அரைகுறையாக எரிந்த தண்டு. கொத்துக் கொத்தாக வளரும் புல்லில் ஒவ்வொரு கொத்தின் அடியும் கரிக்கட்டை மாதிரி கறுத்து நிற்கும்; கொத்துகளுக்கு நடுவே வெறும் மண், எரியும் முன்பு என்ன நிறமோ அதே நிறம். ஒரு பிக்சலில் இவை எல்லாம் கலந்துதான் மேலே தெரியும். காற்றடித்த இரண்டொரு நாளில் சாம்பல் போய்விடும். அப்புறம் மெல்லிய கரித்தூளும் மண்ணில் அமுங்கிவிடும். வெளிறிய மண் உள்ள இடமானால் இரண்டு மூன்று வாரத்தில் எரிந்த இடம் எரியாத இடத்தை விட வெளிச்சமாகவே தெரியலாம். இடையில் ஒரு மழை பெய்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கொத்தின் நடுவிலிருந்து பச்சை கிளம்பிவிடும். பக்கத்தில் எரியாத புல் காய்ந்து கிடக்க, எரிந்த நிலம்தான் பச்சையாக நிற்கும். மாடும் மானும் அங்கேதான் முதலில் வரும்.

ஆகவே மாதத்துக்கு ஒரு படம் என்பது புல்லுக்குப் போதவே போதாது. தேதி 3-இல் எரிந்ததை 30-இல் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, தீ எந்தப் பக்கம் நடந்தது என்பது தடத்தை மாற்றும். காற்றோடு ஓடும் தீ வேகமாகப் போய் மேல்புல்லை எரித்துவிட்டு அடியை விட்டுவிடும். காற்றை எதிர்த்து மெதுவாக ஊர்ந்து வரும் தீ அடிவரை சுத்தமாக எரிக்கும். ஒரே தீயின் இரண்டு ஓரங்களும் உங்கள் படத்தில் வேறு வேறு எண் காட்டும். அதை வைத்து ஒரு பக்கம் கடுமையான தீ, ஒரு பக்கம் லேசான தீ என்று பிரித்து எழுதிவிடாதீர்கள்.

பருவத் தொடக்கத்தில் வைக்கும் தீ மாட்டுத்தடத்தில் நிற்கும், ஈரத் தாழ்வில் நிற்கும், போன வருடம் எரிந்த திட்டின் ஓரத்தில் நிற்கும். நடுவில் எரியாத தீவுகள் நிறைய மிஞ்சும். குருவியும் முயலும் பிழைப்பது அங்கேதான். பருவக் கடைசியில் எல்லாம் காய்ந்து காற்றும் சூடாக இருக்கும்போது பிடிக்கும் தீ அந்தத் தீவுகளையும் விழுங்கிப் போகும். இரண்டையும் ஒரே பரப்பளவு எண்ணாகக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்ன்ஹெம் லேண்டில் பூர்வகுடி ரேஞ்சர்கள் செய்வதைப் பாருங்கள். வறட்சிக் காலத்தின் தொடக்கத்திலேயே சிறு சிறு திட்டாக எரித்துவிடுகிறார்கள், கடைசியில் வரும் பெருந்தீக்குத் தீனி இல்லாமல் போகிறது. மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு வெளியேற்றம் குறைவதற்கு அவர்களுக்குக் கார்பன் வரவும் (கார்பன் கிரெடிட்) கிடைக்கிறது. அங்கே கணக்கு ஆகஸ்ட் 1-க்கு முன்னா பின்னா என்பதில் நிற்கிறது. எரிந்ததா என்று கேட்பதோடு நில்லாமல் எப்போது எரிந்தது என்றும் கேட்டால்தான் அந்த வேலையே கண்ணில் படும்.

உங்கள் பகுதியிலும் மேய்ப்பவர்கள் டிசம்பரில் சிறு திட்டுகளாக எரிக்கிறார்களா, மார்ச்சில் பெரிதாக எரிகிறதா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி 'தீ' என்று சொன்னால், சிறு தீயைத் தடை செய்வார்கள். அப்புறம் மார்ச் தீ இன்னும் பெரிதாக வரும்.

---

காய்ந்தபுல்:

இருவருக்கும் ரொம்ப நன்றி. சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சுவோமி என்பிபியை மட்டும் எடுத்ததும் இரண்டு படிகளும் காணாமல் போய்விட்டன. ஒரு வருடம் ஏறுகிறது, ஒரு வருடம் இறங்குகிறது, ஒரு திசையில் போகவில்லை. 1000 கழித்த பிறகு 2022-க்குப் பிந்தைய பருவங்களும் உயிர்பெற்றுவிட்டன. மிர்பியில் தாழ்நிலச் சிவப்பும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

இப்போது வேறு இரண்டு தொல்லை. மாதத்துக்கு ஒன்று என்பதை விட்டு எல்லாப் படங்களையும் எடுத்தேன். ஆனால் மேக மாஸ்க் (மேகமும் நிழலும் மூடிய பிக்சல்களை நீக்கும் வடிகட்டி) போட்டால் எரிந்த திட்டுகளில் சில ஓட்டையாகிவிடுகின்றன. வானம் தெளிவாக இருக்கும் படத்தில் கூட. இரண்டாவது, டிசம்பரில் சில வருடங்கள் மேகமே விலகவில்லை. அந்த வருடங்களில் எரிந்த பரப்பு குறைவாக வருகிறது. உண்மையிலேயே குறைவா, பார்க்கவில்லையா?

---

கடவைநேரம்:

முதல் கேள்விக்குச் சுருக்கமாக. சென்டினல்-2-ஓடு வரும் வகைப்பாட்டு அடுக்கில் எண் 2 இருண்ட பகுதி, எண் 3 மேக நிழல். புதிதாக எரிந்த நிலத்தை அது அடிக்கடி இந்த இரண்டில் ஒன்றில் தள்ளிவிடும், சில நேரம் 6, அதாவது தண்ணீர் என்று கூடப் போடும். 2-ஐ மாஸ்க்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 3-ஐ முழுக்க எடுக்க முடியாது. ஆனால் நிழலுக்குப் பக்கத்தில், சூரியன் இருக்கும் புறத்தில், மேகம் இருந்தாக வேண்டும். பக்கத்தில் மேகமே இல்லாத நிழல் நிழல் அல்ல. இன்னொரு சோதனை, நிழல் அடுத்த படத்தில் அதே இடத்தில் இருக்காது, எரிந்த தடம் இருக்கும்.

ஹாட்ஸ்பாட் கோப்பில் உள்ள நேரம் யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) என்பதையும் கவனியுங்கள். இரவுக் கடவைகளில் உள்ளூர்த் தேதி ஒரு நாள் தள்ளிப் போகலாம். தேதியை வைத்துப் படங்களோடு பொருத்தும்போது இது இடிக்கும்.

மாலைத் தீ எத்தனை தப்புகிறது என்று தெரிய வேண்டுமானால் புவிநிலை (ஒரே இடத்துக்கு மேலே நிற்கும்) செயற்கைக்கோள் தரவைப் பாருங்கள். ஹிமாவாரி 10 நிமிடத்துக்கு ஒரு முறை தன் கண்ணில் படும் பூமியின் முழு வட்டத்தையும் எடுக்கிறது. மீட்டியோசாட்டின் செவிரி கருவி 15 நிமிடத்துக்கு ஒரு முறை. பிக்சல் 2, 3 கிலோமீட்டர், அதனால் சின்னத் தீ தெரியாது. ஆனால் ஒரு நாளில் தீ எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்குகிறது என்ற வளைவு கிடைக்கும். உச்சம் வியர்ஸ் கடவைக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று அதிலிருந்து சொல்லிவிடலாம்.

---

அகச்சிவப்பு:

காய்ந்தபுல், நீங்கள் இரண்டாவதாகக் கேட்டது இந்தத் துறையில் பலரும் கேட்காமலேயே தாண்டிப் போவது. உங்கள் வரைபடத்தில் இப்போது இரண்டு நிறம்தான் இருக்கிறது, எரிந்தது, எரியாதது. மூன்றாவதாக ஒன்று வேண்டும்: பார்க்கவில்லை. மேகத்தில் மறைந்த பிக்சலை எரியாதது என்று எழுதுவது உண்மையல்ல.

செய்யும் முறை இப்படி. ஒவ்வொரு பிக்சலுக்கும், அடுத்தடுத்த இரண்டு தெளிவான பார்வைகளுக்கு இடையே எத்தனை நாள் என்று கணக்கிடுங்கள். தீக்கோடு சொன்னபடி உங்கள் மண்ணில் தடம் எத்தனை நாள் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இடைவெளி அதைவிட நீண்டால் அந்தப் பிக்சல் அந்தக் காலத்துக்குப் பார்க்காதது. தடம் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதற்கு வேறு யாருடைய எண்ணையும் எடுக்க வேண்டாம். உங்கள் ஹாட்ஸ்பாட்களிலிருந்தே எடுக்கலாம். தேதி உறுதியாகத் தெரிந்த ஹாட்ஸ்பாட்களைச் சுற்றியுள்ள கறுத்த பிக்சல்களை எடுத்து, தீ வந்த நாளிலிருந்து மிர்பி எப்படி இறங்குகிறது என்று வரைந்து பாருங்கள். டிசம்பர் தீக்கும் மார்ச் தீக்கும் தனித்தனியாக வரையுங்கள். நிச்சயம் வேறு வேறாக வரும்.

இடைவெளியைக் குறைக்க வழி உண்டு. சென்டினல்-2 இரண்டும் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு முறை வருகின்றன, லேண்ட்சாட் 8-உம் 9-உம் சேர்ந்து 8 நாளுக்கு ஒரு முறை. இந்த இரண்டு குடும்பத்தையும் 30 மீட்டர் கட்டத்தில் ஒன்றாகப் பொருத்தி நாசா தரும் எச்.எல்.எஸ். தொகுப்பில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பார்வை கிடைக்கும். 20 மீட்டரிலிருந்து 30-க்குப் போவதில் உங்களுக்கு இழப்பு கொஞ்சம்தான். புல்லில் நுணுக்கத்தை விட நாள்தான் பெரிது. 10 மீட்டர் படம் ஒன்று மாதம் ஒரு முறை கிடைப்பதை விட 30 மீட்டர் படம் மூன்று நாளுக்கு ஒரு முறை கிடைப்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

அதற்காக 500 மீட்டருக்குப் போய்விடாதீர்கள். எம்சிடி64ஏ1 என்ற மோடிஸ் எரிந்த பரப்புத் தரவு தினசரிப் பார்வையிலிருந்து எரிந்த நாளையே தருகிறது, 2000-இன் கடைசியிலிருந்து இருக்கிறது, நீண்ட காலப் போக்குக்கு அருமையானது. ஆனால் அதன் ஒரு பிக்சல் 20 ஹெக்டேருக்கு மேல். சிறு திட்டுகள் அதில் விழுவதில்லை. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா முழுவதையும் 2016-க்குச் சென்டினல்-2-இல் வரைந்தபோது எரிந்த பரப்பு 49 லட்சம் சதுர கிலோமீட்டர் வந்தது; எம்சிடி64ஏ1 சொன்னதை விட 80 சதவீதம் அதிகம். தீக்கோடு சொன்ன அந்த டிசம்பர் சிறு தீ, உங்கள் மேய்ப்பவர்கள் வைக்கும் தீ, எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

போக்கு பற்றியும் ஒரு வார்த்தை. 1998 முதல் 2015 வரையிலான செயற்கைக்கோள் கணக்குகளில் உலக அளவில் எரியும் பரப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. குறைந்ததில் பெரும்பங்கு சவானாக்களிலும் புல்வெளிகளிலும்தான். விளைநிலமும் கால்நடையும் பெருகப் பெருகத் தீ ஓடுவதற்கு இடம் குறைந்தது. உங்கள் பகுதியும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மேய்ச்சல் பெருகும் ஒரு புல்வெளியில் தீ ஏறுகிறது என்று எழுத வேண்டுமென்றால், அதற்கு உறுதியான சான்று கையில் இருக்க வேண்டும். உங்களிடம் இப்போது அது இல்லை என்று சுவோமி என்பிபி எண்ணிக்கையே சொல்லிவிட்டது.

தரைச் சோதனைக்குப் போகும்போது எரிந்த இடத்தை மட்டும் படமெடுத்து வராதீர்கள். வரைபடம் எரியாதது என்று காட்டும் இடங்களையும் அதே எண்ணிக்கையில் குலுக்கல் முறையில் எடுத்துப் போங்கள். விட்டுப்போனது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு புள்ளியிலும் தேதி, 20 மீட்டர் வட்டத்துக்குள் எத்தனை பங்கு எரிந்திருக்கிறது, சாம்பலா கரியா, புதுப் பச்சை வந்துவிட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மாடு ஓட்டி வருபவரிடம் எந்த வாரம் எரிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் வாரம் படத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

அறிக்கையில் ஒரே எண் தராமல், பருவத்தை ஜனவரி நடுவில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதிக்கும் எரிந்தது, எரியாதது, பார்க்காதது என மூன்று நெடுவரிசை கொடுங்கள். ஹாட்ஸ்பாட்களை ஒரே செயற்கைக்கோளிலிருந்து எடுத்துப் பின்னிணைப்பில் வையுங்கள், எண்ணிக்கையாக இல்லாமல் தேதியாக.

---

காய்ந்தபுல்:

அப்படியே செய்கிறேன். குழுவில் இன்று பேசினேன்; போக்கு பற்றிய வரியை எடுத்துவிட ஒப்புக்கொண்டார்கள். பார்க்காதது என்ற நெடுவரிசையைப் போட்டதும் 2019–20 டிசம்பரில் பாதிப் பரப்பு அதில் போய் விழுகிறது. அந்தப் பருவத்தை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிட்டேன். தடம் மங்கும் வளைவை எச்.எல்.எஸ். வைத்து வரைந்ததும் இங்கே போடுகிறேன்.